விகுதியில் விளையும் சொற்கள்

தமிழ்நாட்டுப் பள்ளி அறிவியல் பாடநூல்களில் கரைசல்களைப் பற்றிய பாடத்தைத் திறந்தால், ஒரே வினையடியிலிருந்து பிறந்த ஒரு சொற்குடும்பம் முழுவதையும் அங்கே காணலாம். கரை என்பது அடி. நீரில் உப்பைக் கரைத்தால் கிடைப்பது கரைசல். கரைகின்ற உப்பு கரைபொருள். கரைக்கின்ற நீர் கரைப்பான். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் எவ்வளவு கரையும் என்பதைச் சொல்லும் அளவு கரைதிறன். இனி மேலும் கரையாது என்னும் நிலையை எட்டியது தெவிட்டிய கரைசல். அந்நிலையை எட்டாதது தெவிட்டாத கரைசல். அந்நிலையையும் தாண்டியது அதிதெவிட்டிய கரைசல். இனிப்பு தெவிட்டுகிறது என்று வீட்டில் சொல்லிப் பழகிய மாணவருக்கு இந்தச் சொற்களில் எதையும் அகராதியில் தேட வேண்டிய தேவை எழுவதில்லை.

இந்தச் சிறு பட்டியலை நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் புதுச்சொற்களை எப்படி ஆக்குகிறது என்பதன் மூன்று வழிகளும் இதில் ஒன்றாக இருக்கின்றன. கரைசல், கரைப்பான் ஆகியவற்றில் சொல்லின் இறுதியில் ஓர் உறுப்பு சேர்கிறது. தெவிட்டாத என்பதில் எதிர்மறைப் பொருள் சொல்லின் நடுவே நுழைகிறது. அதிதெவிட்டிய என்பதில் மட்டும் சொல்லின் முன்னே ஓர் உறுப்பு வந்து ஒட்டுகிறது. அந்த அதி வடமொழியிலிருந்து வந்தது. தமிழின் ஆக்கத்திறன் பெரும்பாலும் சொல்லின் பின்பக்கத்திலேயே இருக்கிறது என்பதும், கலைச்சொல் படைப்போர் இதை மனத்தில் கொண்டால் நிலைக்கும் சொற்கள் மிகுதியாகக் கிடைக்கும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

நம் இலக்கண மரபே இதற்குச் சான்று. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பதவியலில், பகுபதத்தின், அதாவது உறுப்புகளாகப் பிரிக்கத்தக்க சொல்லின், உறுப்புகள் ஆறு என்று சொல்லப்படுகின்றன: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். நடந்தனன் என்பதைப் பிரித்தால் நட என்னும் பகுதி முதலில் நிற்கும். காலம் காட்டும் இடைநிலையும் சாரியையும் அதன்பின் வரும். திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் விகுதி இறுதியில் அமையும். பகுதிக்கு முன்னால் வந்து ஒட்டும் ஓர் உறுப்புக்கு இந்த ஆறில் இடமே இல்லை. முன்னொட்டு என்னும் பெயர் பிற்காலத்தில் பிற மொழிகளின் இலக்கணத்தைப் பேச வேண்டி வந்தபோது நாம் ஆக்கிக்கொண்டது. அந்தப் பெயர் பண்டைய நூலில் இல்லாமை ஒரு குறையன்று. இருக்கும் மொழியை இருந்தபடி பார்த்து எழுதியதன் விளைவு.

எல்லா மொழிகளும் இப்படி இல்லை. மலாய் மொழியில் அஜார் என்பது கற்பித்தலைக் குறிக்கும் அடிச்சொல். மெங்ஙாஜார் என்றால் கற்பித்தல். பெங்ஙாஜார் என்றால் கற்பிப்பவர். பெலாஜார் என்றால் மாணவர். பெலாஜாரான் என்றால் பாடம். அங்கே ஒரு சொல்லின் வகையை அறிய அதன் தலையைப் பார்க்க வேண்டும், சில வேளைகளில் தலையையும் வாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரு மொழிகளையும் பேசி வளரும் தமிழர்கள் இந்த வேறுபாட்டை நாள்தோறும் கடந்து செல்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதில் கிசு என்றால் கத்தி, விசு என்றால் கத்திகள். ஒருமை, பன்மை வேறுபாடே முன்னொட்டில்தான் இருக்கிறது. நூலைக் குறிக்கும் கிதாப் என்னும் அரபுச் சொல் அம்மொழிக்குள் கிதாபு என்று வந்தபோது, அதன் முதலெழுத்தான கி என்பதைச் சுவாகிலி பேசுவோர் தங்கள் ஒருமை முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பன்மையை விதாபு என்று ஆக்கிவிட்டார்கள். அரபில் அந்தக் கி பிரிக்கவே முடியாத அடியின் பகுதி. ஒரு மொழி அயற்சொல்லைக்கூடத் தன் இயல்புப்படியே பிளந்து பார்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

தமிழில் முன்னால் ஒட்டும் உறுப்பு அறவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளும் எ என்னும் வினாவெழுத்தும் சொல்லின் தலையில் நின்றே வேலை செய்கின்றன. அன்று, இன்று, என்று. அங்கு, இங்கு, எங்கு. அத்தனை, இத்தனை, எத்தனை என்று இவை அமைக்கும் வரிசைகளின் ஒழுங்கு வியப்பூட்டுவது. அவ்வீடு, இம்மலை என்பவற்றில் சுட்டைப் பிரித்தாலும் எஞ்சிய சொல் பொருள் தரும். அவன், இவன் என்பவற்றில் தராது. இதைக் கண்டே இலக்கணம் புறச்சுட்டு, அகச்சுட்டு என்று இரண்டாக வகுத்தது. அருகிலும் இல்லாத தொலைவிலும் இல்லாத இடைப்பட்ட நிலையைச் சுட்டும் உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டாலும், உவன், உது என்று யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உயிருடன் இருக்கிறது. ஆனால் இந்த நான்கும் மூடிய ஒரு தொகுதி. இவற்றோடு புதிதாக ஐந்தாவது எழுத்து ஒன்றைச் சேர்க்க யாராலும் இயலாது. விகுதிகளின் நிலை அப்படியன்று.

எதிர்மறையைத் தமிழ் கையாளும் முறையில் இந்த இயல்பு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. வடமொழி நீதிக்கு முன் அகரம் சேர்த்து அநீதி என்று ஆக்கும். சாதாரணத்தை அசாதாரணம் ஆக்கும். ஆங்கிலமும் எதிர்மறையைப் பெரும்பாலும் சொல்லின் முன்னேதான் வைக்கும். திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை, நிலையாமை, கல்லாமை. கொல்லாமை என்பதில் கொல் பகுதி, ஆ எதிர்மறை இடைநிலை, மை தொழிற்பெயர் விகுதி. மறுப்பு வினையின் உள்ளே புகுந்து, பிறகு அந்த முழுமையும் ஒரு பண்பின் பெயராக மாறுகிறது. கொல்லாமை என்பதைக் கொலை என்பதன் மறுதலையாக மட்டும் நாம் உணர்வதில்லை. அதுவே தனக்குரிய வடிவமுள்ள ஓர் அறமாக நிற்கிறது. தீண்டாமை என்னும் கொடுமையின் பெயரும் இதே அச்சில் வார்க்கப்பட்டதுதான். வேலையின்மை, மதச்சார்பின்மை என்று 20ஆம் நூற்றாண்டின் அரசியலுக்கு வேண்டிய சொற்களையும் இல் என்னும் மறுப்பும் மை விகுதியும் சேர்ந்தே தந்தன.

இல் என்பதோடு இகரம் சேர்ந்து வரும் இலி என்னும் இறுதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அறிவிலி பழைய சொல். கணிதத்தில் முடிவற்றதைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டபோது முடிவிலி என்று அதே அச்சில் ஒரு சொல் கிடைத்தது. எந்த விளக்கமும் தேவையின்றி அது பாடநூலில் நிலைபெற்றது. போரால் நாடிழந்தோரைக் குறிக்க நாம் நெடுங்காலமாக வழங்கிவரும் அகதி, வடமொழி அகர முன்னொட்டோடு வந்தது. கதியற்றவர் என்பது அதன் பொருள். அதற்கு ஈடாக ஈழத்தமிழரைப் பற்றிய எழுத்துகளில் ஏதிலி என்னும் சொல் பரவியது. குறளில் ஏதிலார் என்றால் அயலார். அயலார் என்னும் பழைய பொருளும், ஏதும் இல்லாதவர் என்று இன்றைய காதுக்குக் கேட்கும் பொருளும் ஒரே சொல்லில் கூடி, இடம்பெயர்ந்தோரின் இரட்டைத் துயரை அது தாங்கிக்கொண்டது. மக்கள் பேச்சில் அகதிதான் இன்னும் வலிமையாக இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

வேதியியலில் உலோகம் அல்லாதது அலோகம் எனப்படுகிறது. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் லோகம் நம்மிடம் உலோகம் ஆயிற்று. ஆனால் வடமொழி அகரம் சேர்ந்து வந்த வடிவத்தில் லகரம் நடுவில் சென்றுவிட்டதால் உகரம் தேவைப்படவில்லை. உகரத்துக்குப் பதில் அகரம் என்று ஓர் எழுத்து வேறுபாட்டில் முழு எதிர்ப்பொருள் நிற்பதைப் படிக்கும் மாணவர் குழம்பினால் அது அவர் குற்றமன்று. இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு உலோகப்போலி என்று பெயரிட்டவர், போலி என்னும் சொல்லைப் பின்னால் வைத்தார். எவ்வளவு எளிதாக விளங்குகிறது பாருங்கள். மறுப்பை முன்னால் வைக்கும் வழியும் தமிழில் முற்றிலும் இல்லாததன்று: அல் என்பதோடு திணை சேர்ந்து அஃறிணை ஆயிற்று, அல்வழி, அன்மொழித்தொகை ஆகியவை இலக்கணக் கலைச்சொற்களாக வழங்குகின்றன. ஆயினும் இந்த வழி இலக்கண நூல்களுக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விகுதிக்கு வருகிறேன். இகரம் என்னும் ஒற்றை உயிரெழுத்து வினையின் இறுதியில் சேர்ந்து, அந்த வினையைச் செய்யும் உயிரையோ கருவியையோ குறிக்கிறது. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, மீனைக் கொத்துவது மீன்கொத்தி, வாலை ஆட்டுவது வாலாட்டி, ஆள் வருவதைக் குரல் எழுப்பிக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. வீட்டுப் புழக்கத்தில் வடிகட்டி, இடுக்கி, துருவி. தலைச்சுமையோடு நடப்போர் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காகச் சாலையோரங்களில் நட்ட கல் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் இருந்தது. இந்தப் பெயர்களை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. ஊர்மக்கள் ஆக்கினார்கள். பின்னர் அறிவியல் வந்தபோது தொலைநோக்கி, நுண்ணோக்கி, ஒலிபெருக்கி, மின்மாற்றி, மின்தேக்கி, குறைக்கடத்தி என்று அதே விகுதி ஆய்வகத்துக்குள் நுழைந்தது. அதற்கும் பின்னர் உலாவி, செயலி, வருடி, சொற்செயலி என்று கணினித் திரைக்கும் வந்து சேர்ந்தது. மரங்கொத்திக்குப் பெயர் வைத்தவரும் உலாவிக்குப் பெயர் வைத்தவரும் ஒரே பட்டறையில் வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது.

இந்த இகரத்துக்கு ஓர் ஒழுங்கு இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். தாங்கு, நோக்கு, பெருக்கு, மாற்று, கடத்து, பேசு, உலாவு என்று குற்றியலுகரத்தில் அல்லது அதையொத்த உகரத்தில் முடியும் வினைகள் இதை எளிதாக ஏற்கின்றன. உகரம் நீங்கி இகரம் அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. கரை, தெளி, அழி என்று ஐகாரத்திலும் இகரத்திலும் முடியும் வினைகளில் இகரம் சேர்ந்தால் காதுக்கு ஒன்றும் புலப்படாது. ஆகவே அவை பெரும்பாலும் பான் என்னும் இறுதியை நாடுகின்றன: கரைப்பான், தெளிப்பான், அழிப்பான். கணி என்னும் வினையிலிருந்து எண்களைக் கூட்டிக் கழிக்கும் சிறு கருவிக்குக் கணிப்பான் என்னும் பெயர் கிடைத்தது இந்த ஒழுங்கின்படியே. அதே வினையிலிருந்து பிறந்த கணினி மட்டும் வழி விலகியது. நடுவே ஒரு னகரத்தை ஏற்றுக்கொண்டு இகரத்தைக் காதுக்குக் கேட்கச் செய்தது. இலங்கையிலோ கணனி என்று எழுதுகிறார்கள். அது கணனம் என்னும் வடசொல்லை அடியாகக் கொண்டு அதே இகரத்தைச் சேர்த்தது. அடிகள் வேறாயினும் விகுதி ஒன்றே. இணையப் போக்குவரத்தை வழிப்படுத்தும் கருவிக்குத் திசைவி என்று ஒரு பெயர் உண்டு. திசை வினைச்சொல்லும் அன்று, உகரத்தில் முடிவதும் அன்று. அதனாலோ என்னவோ அது உலாவியைப் போல என் காதில் இயல்பாக அமரவில்லை.

தனிச்சொல்லாக இருந்த ஒன்று மெல்ல மெல்ல விகுதியாக மாறுவதும் உண்டு. அகம் என்றால் உள், வீடு, மனம். வையகம், வானகம் என்னும் பழஞ்சொற்களில் அது இடம் என்னும் பொருளில் பின்னால் நின்றது. அந்த அச்சை எடுத்துத்தான் நூலகம், பதிப்பகம், அச்சகம், உணவகம், மருந்தகம், காப்பகம், செயலகம் ஆகியவற்றை ஆக்கினார்கள். இன்று நூலகம் என்று சொல்லும்போது அகம் என்னும் தனிச்சொல்லை யாரும் நினைப்பதில்லை. இடத்தைக் குறிக்கும் விகுதியாகவே அது கேட்கிறது. இயல் என்பதன் கதை இதைவிடச் செழிப்பானது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் களவியல், கற்பியல், பொருளியல், செய்யுளியல், மரபியல் என்று இயலின் பெயர்கள் வருகின்றன. அங்கே இயல் என்பது நூலின் ஓர் உட்பிரிவு. அந்தப் பிரிவுப்பெயர்தான் ஒரு துறையின் அறிவு முழுவதையும் குறிக்கும் இறுதியாக வளர்ந்து உளவியல், வானியல், உயிரியல், மொழியியல் என்று பல்கலைக்கழகத் துறைகளின் வாசற்பலகைகளில் இடம்பெற்றிருக்கிறது. தொல்காப்பியரின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பால், பெண்பால் பெயர்களையும் உயிர்களின் அறிவு வகைகளையும் பேசுகிறது. இன்றைய மரபியல் பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எப்படிச் செல்கின்றன என்பதை ஆராய்கிறது. தமிழ்நாட்டு மாணவர் வேதியியலும் இயற்பியலும் படிக்க, இலங்கை மாணவர் இரசாயனவியலும் பௌதிகவியலும் படிக்கிறார்கள். பகுதியில் கருத்து வேறுபாடு உண்டு. விகுதியில் இல்லை.

விகுதியைக் கடன் வாங்குவதற்கும் தமிழ் தயங்கியதில்லை. வடமொழியிலிருந்து வந்த காரர் வேலைக்காரர், கடைக்காரர் என்று ஒட்டிக்கொண்டு, பின்னாளில் போலீஸ்காரர், ஆட்டோக்காரர் என்று ஆங்கிலச் சொற்களோடும் சேர்ந்தது. உடையவர் என்னும் பொருள் தரும் பாரசீக தார், ஆட்சியாளரின் வருவாய் நிர்வாகம் வழியாகத் தாசில்தார், மிராசுதார் என்று வந்தது. பிறகு பங்கு என்னும் நம் சொல்லோடு சேர்ந்து பங்குதாரர் ஆயிற்று, அட்டையோடு சேர்ந்து குடும்ப அட்டைதாரர் ஆயிற்று. பாரசீக விகுதியின் மேல் தமிழின் மரியாதைப் பன்மையான அர் ஏறி அமர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். திறமைசாலி, முதலாளித்துவம் ஆகியவற்றிலும் தமிழ்ப் பகுதியும் வடமொழி இறுதியும் கைகோத்திருக்கின்றன. தனியார்மயமாக்கல் என்பதைப் பிரித்தால் தனி, ஆர், மயம், ஆக்கு, அல் என்று ஐந்து உறுப்புகள் வரிசையாக நிற்கும். அவற்றில் நடுவில் உள்ள மயம் மட்டுமே வடமொழி. வாலில் வருவது எந்த மொழியினுடையதாக இருந்தாலும் நம் மொழி அதைத் தன் ஒழுங்குக்குள் இழுத்துக்கொள்கிறது. தலையில் வருபவற்றில் நிலைத்தவை சிலவே. சகபயணி, உபதொழில், துர்நாற்றம் ஆகியவை அப்படி நிலைத்தவை; நாற்றம் தூய தமிழ்ச்சொல் என்பதும் அதன் முன் உள்ள துர் வடமொழி என்பதும் பேசுவோர் நினைவில் இல்லை.

வினைச்சொற்களில் ஒரு வேறுபாடு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. யோசனையிலிருந்து யோசி, நேசத்திலிருந்து நேசி, விவாதத்திலிருந்து விவாதி என்று வடசொற்கள் இகரம் பெற்றுத் தமிழ் வினைகளாகவே மாறி, யோசிக்கிறேன், யோசித்தேன், யோசிப்பேன் என்று எல்லாக் காலமும் காட்டுகின்றன. ஆங்கிலச் சொற்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. போன் பண்ணுகிறேன், டைப் செய்தேன் என்று இன்னொரு வினையின் துணையோடுதான் அவை நடக்கின்றன. இரண்டும் அயல்மொழிகளே, ஒன்று விகுதி ஏற்கும் அளவுக்குள் வந்தது, மற்றொன்று வாசலிலேயே நிற்கிறது. பெயர்ச்சொல்லாக ஆக்கும் முயற்சி நடந்ததுண்டு. 1847-இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1875-இல் வெளியான தம் வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டார். அம் என்னும் இறுதியைச் சேர்த்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப் பெயரின் தோற்றத்துக்குக் கொண்டுவந்த அவருடைய துணிவை மதிக்கிறேன். அந்தச் சொல் நிலைக்கவில்லை, நிலைத்தது இயல்.

எல்லா விகுதிகளும் ஒரே அளவு உயிரோடு இருப்பதில்லை. தொழிற்பெயர் விகுதிகளாக இலக்கணம் தொகுத்துத் தரும் பட்டியலில் கை, வை, சி, வி, பு, பாடு ஆகியவற்றோடு காடு, அரவு, ஆனை ஆகியவையும் உண்டு. செயல்பாடு, மேம்பாடு, தட்டுப்பாடு என்று பாடு இன்றும் புதுச்சொற்களை ஈன்றுகொண்டிருக்கிறது. காடு என்பதில் சாக்காடும் அரைவேக்காடும் எஞ்சின. அரைவேக்காடு என்று நாள்தோறும் சொல்வோர் அதில் வேதல் என்னும் வினையும் காடு என்னும் தொழிற்பெயர் விகுதியும் இருப்பதை அறியாமலே சொல்கிறார்கள். தேற்றரவில் மட்டும் அரவு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனை முற்றிலும் மறைந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, சங்க இலக்கியத்தில் பொருநர், உழுநர் என்று வழங்கிய நர் என்னும் இறுதி அரசுப் பேருந்துகளில் ஓட்டுநர், நடத்துநர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அஞ்சல் உறையில் பெறுநர், அனுப்புநர் என்று இருக்கிறது. இலக்கணப்படி இதில் நகரம் பெயர் இடைநிலை, அர் விகுதி. அறிஞர், கலைஞர் ஆகியவற்றின் ஞகரமும் அப்படியே. இந்தப் பிரிப்பு தெரியாததால்தான் இயக்குனர், ஓட்டுனர் என்று பலரும் றன்னகரம் இட்டு எழுதுகிறார்கள். இயக்கு, ஓட்டு என்னும் வினைகளில் னகரம் எங்கும் இல்லை என்பதை ஒருமுறை பிரித்துப் பார்த்தவர் அதன்பின் தவறுவதில்லை.

கலைச்சொல்லாக்கத்துக்காகத் தமிழர்கள் கூடி உழைத்த வரலாறு நீண்டது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1930-களில் அந்தப் பணியை மேற்கொண்டது. 1974-இல் தமிழ்நாட்டு அரசு தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ் இணைய முன்னோடியான சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இணையம், இணை என்னும் வினையும் அம் என்னும் விகுதியும் சேர்ந்த இரண்டே உறுப்புச் சொல். அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவே இல்லை. இவ்வளவு பெரிய உழைப்பில் ஒரு பழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடில்லாதது. ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு முன்னொட்டுக்கும் நிலையான ஒரு தமிழ்ச்சொல்லை நிறுத்தி, பொருளைப் பாராமல் அதையே எங்கும் முன்னால் வைப்பதுதான் அது. எதிர் என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இதுவே. நோய்க்கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதமும் எதிர்ப்பொருள்; இயற்பியலில் பருப்பொருளுக்கு மறுதலையாக அமையும் பொருளும் எதிர்ப்பொருள். நஞ்சை மாற்றும் மருந்துக்கு முன்னோர் நச்சுமுறி என்றார்கள். எதிர் என்னும் சொல்லே அங்கு இல்லை. மருந்து நஞ்சை என்ன செய்கிறது என்பதைப் பார்த்து, அதற்குரிய வினையைப் பின்னால் வைத்தார்கள். இடைத்தேர்தல் என்று பெயரிட்டவரும் அப்படியே மூலச்சொல்லை விட்டுவிட்டு நிகழ்வைப் பார்த்தார். இரண்டு பொதுத்தேர்தல்களுக்கு இடையில் வருவது என்பது கேட்டவுடன் விளங்கியது.

இடை, துணை, மறு, மீள், நுண், முது ஆகியவை முன்னொட்டுகளைப் போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் தனக்கென்று பொருளுள்ள முழுச்சொல் அல்லது வினையடி. துணைவேந்தர், துணைக்கோள், துணைக்கண்டம் ஆகிய மூன்றிலும் துணை என்னும் பொருள் மங்காமல் இருக்கிறது. எனவே இவற்றை வெறும் ஒட்டுகளாக எண்ணி ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிவைக்க முடியாது. மறுகூட்டல், மறுபதிப்பு, மறுமணம் என்பவற்றில் மறு என்பது இன்னொரு முறை நிகழ்வதைக் குறிக்கிறது. மீள் என்பது திரும்பி வருதலைக் குறிக்கும் வினை. அணைக்கட்டுக்காக நிலத்தை இழந்தவர்களை வேறோர் இடத்தில் குடியமர்த்துவதை மறுகுடியமர்வு என்கிறோம். அவர்கள் விட்டுவந்த ஊருக்குத் திரும்பப் போவதில்லை. இலங்கையில் போரால் துரத்தப்பட்டவர்கள் தங்கள் சொந்த நிலத்துக்கே திரும்புவதற்கு மீள்குடியேற்றம் என்று பெயர். சொந்த நிலம் விடுவிக்கப்படாமல் வேறிடத்தில் வீடு தரப்பட்ட குடும்பத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கும்போது, மீள் என்னும் அந்த ஈரெழுத்து நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிவிடுகிறது. கலைச்சொல் அகராதிகள் இவ்விரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக அடுத்தடுத்துத் தராமல், தனித்தனிப் பதிவாக்கி, திரும்புவதற்கு மீள், வேறிடத்தில் புதிதாக அமர்வதற்கு மறு என்று வேறுபாட்டை எழுதித் தர வேண்டும்.